மூன்று சஹனும் ஏறாத மலையும்

மகளின் போன் காலையிலிருந்து விடாமல் சத்தம் போட்டது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். கெம்பஸ் சிநேகிதிகள் சேர்ந்து சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தைப் பார்க்க மலையேறப் போகிறார்களாம். நாற்பது நிமிஷ ஏற்றம், இலேசான பாதை, உச்சியில் நின்றால் குளம் முழுக்கத் தெரியும், ஆளுக்கொரு போத்தல் தண்ணீர், சப்பாத்துப் போட்டு வரவும். ஐந்து பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள், திட்டம் முடிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய உம்மா நான். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பேக்கரியில் பணிஸ் வாங்கிக்கொண்டு போவோம் என்றாள், தலையைத் தூக்காமலே.

பணிஸ் என்றதும் பரீதாதான் ஞாபகத்தில் வந்து நின்றாள். சாய்ந்தமருதில் எனக்கு முதல் நியமனம் கிடைத்த பள்ளிக்கூடத்தில் அவள் புவியியல் டீச்சர். இருவரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வெண்கட்டியால் மாவட்டப் படம் கீறினால் அச்சடித்த மாதிரி இருக்கும். மேற்கே அந்தக் குளம், அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், சம்மாந்துறை, வீரமுனை வயல்கள், கடைசியில் நம்முடைய கடல். என் படம் கீறும் கையைப் பற்றிக் கேட்காதீர்கள், நான் இலங்கையைக் கீறினால் பிள்ளைகள் மாங்காய் என்பார்கள்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழும்பி, டீச்சர், நீங்கள் அந்தக் குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டது. இவளும் வாய் தவறி ஓம் என்று சொல்லிவிட்டாள். ஓய்வறைக்கு வந்தவளின் முகம் சரியில்லை.

"புள்ளயளுக்கிட்டப் பொய் சொல்லிப்போட்டன் கா. ஒருக்காப் பொயித்துப் பாத்துட்டு வந்தா அது மெய்யாப் போயிரும்" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அந்த வகுப்புக்குள் கால் வைக்கவே அவளுக்குக் கூச்சமாயிருந்தது.

யுத்தம் ஓய்ந்து, சோதனைச் சாவடிகள் கொஞ்சம் தளர்ந்து, அம்பாறைப் பக்கம் பயமில்லாமல் போய்வரலாம் என்றிருந்த காலம் அது. நான், பரீதா, கணக்குப் படிப்பிக்கும் நஸீமா, கல்முனை மெதடிஸ்ட் கோயிலடியிலிருந்து வரும் கிறேஸ் என்று நாலு பேர் போவதாகப் பேச்சு. சுபஹு தொழுத கையோடு முதல் பஸ். அம்பாறையில் இறங்கி இன்னொரு பஸ். ஏறி, பார்த்து, பணிஸும் வாழைப்பழமும் தின்று இறங்கினால் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் வீடு. எல்லாம் பரீதா போட்ட திட்டம். இன்றைக்கு என் மகள் போட்ட திட்டத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

கெடுத்தவள் நான். பணிஸைத் தின்றுவிட்டு வருவதெல்லாம் ஒரு பயணமா, ஒரு சஹன் சோறாவது வேண்டாமா என்று ஆரம்பித்தேன்.

நம் பக்கத்துச் சாப்பாட்டை அறியாத நண்பருக்காகச் சொல்கிறேன். பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, கறியை நடுவில் வைத்து, ஆறு பேர் சுற்றிவரக் குந்தி அவரவர் பக்கத்தால் தின்பதுதான் சஹன். கலியாணத்துக்கு எத்தனை பேர் என்று கேட்க மாட்டோம், எத்தனை சஹன் என்றுதான் கேட்போம். நாலு பேர் குந்தினால் யாரும் பொலிசுக்கு அறிவிக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. குறைச் சஹன் என்றால் அரைகுறை விருந்து மாதிரி. ஆறாக்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

எனக்கு மூத்தவளான ராத்தாவையும் பக்கத்து வீட்டு சுபைதாவையும் சேர்த்தேன். ஆறு. கதை ராத்தாவின் மாமியார் காதுக்குப் போனது, அவரும் வருகிறேன் என்றார். ஏழு. வயது போன மனுஷியைத் தனியே பீங்கானில் தின்ன விடுவதா? இரண்டாவது சஹனுக்கு இன்னும் ஐந்து பேரைத் தேடினேன். பெண்கள் மட்டும் காட்டுப் பக்கம் போவதாவது என்று ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், தானும் வெளிக்கிட்டார். ஆண்களுக்கு வேறு சஹன் வேண்டுமே, அதற்கும் ஆறு பேர். நாலு பேரின் நடைப் பயணம் பதினெட்டுப் பேரின் வான் பயணமாகி, அடுப்பு மூட்டி, ஆடும் அறுத்தாயிற்று. எல்லாவற்றுக்கும் பரீதா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். கோபித்திருந்தாலாவது எனக்குப் புத்தி வந்திருக்கும்.

அன்று காலை ஏழு மணிக்கே அவள் வந்து வாசலில் நின்றாள். மாமியாரின் நெய்ச்சோறு அடுப்பிலிருந்து இறங்கி வான் புறப்பட்டது பன்னிரண்டுக்கு. மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியானத் தொழுகை, லுஹர், பிந்திப்போயிருந்தது. ஆண்கள் தொழுதார்கள், நாங்களும் ஒரு மரத்தின் பின்னால் தொழுதோம். பாயை விரித்தோம். நெய்யும் ரம்பை இலையும் மணக்க மூன்று சஹனும் இறங்கின. சோறு நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பரீதா முதல் ஆளாகக் கை கழுவிவிட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் வெறும் காடு. ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது.

மச்சான் மணிக்கூட்டைப் பார்த்தார், மூன்றரை தாண்டியிருந்தது. "இத்தின பேரும் ஏறி இறங்கப் பொழுது பட்டிரும். காட்டு யான தண்ணிக்கு வாற நேரம். இன்னொரு நாளைக்கு வருவம்" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. பரீதா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இரண்டு பேர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், மற்றவர்கள் இருக்கிறோம் என்று நான் சொல்லியிருக்கலாம். என் மடிக்குப் பக்கத்தில் கடைசி இனிப்பான வட்டிலப்பச் சட்டி இருந்தது, பதினெட்டாகப் பங்கிட வேண்டியிருந்தது. அந்தக் கணக்குச் சரிவராமல் அலுத்துக்கொண்டிருந்தேன்.

மறுவருஷம் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. அதன்பிறகு தண்ணீரைப் பார்க்கப் போவோம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பாதைகளில் மறுபடி பயம். பிறகு கலியாணம், பிள்ளைகள், இடமாற்றம். பரீதா மட்டும் அதே பள்ளிக்கூடத்தில் அதே படத்தைக் கீறிக்கொண்டிருந்தாள், நாலு வருஷத்துக்கு முன் சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறும்வரை. இப்போது யன்னல் பக்கம் வெளிச்சம் இருப்பது தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே அவளுக்கு போன் எடுத்தேன், பிள்ளைகளோடு நாமும் போவோமா என்று கேட்டேன். எவ்வளவு பெரிய மடைத்தனம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ஏறக் கால் இரிக்கி கா. நீ அண்டைக்கு நாலு பேர் போதும் எண்டிருந்தா நான் பாத்திருப்பன்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. ஓம் என்றேன்.