சமணர் வீட்டில் பூண்டு வாசனை

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், எதற்கெடுத்தாலும் பயம். தங்க ஆசை மட்டும் விடவில்லை. மயிலம் பக்கம் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், கிணறு வெட்டியபோது கிடைத்த வெள்ளை வெங்கச்சங்கல்லில் வெள்ளிபோல் பொட்டுகள் மினுக்கின. சுட்டால் தங்கம் பிரியும் என்று செல்போன் வீடியோவில் சொன்னார்கள். ஒரு துண்டை இரும்புக் கரண்டியில் வைத்து கேஸ் அடுப்பில் காய்ச்சினேன்.

கூடத்தில் படுத்திருந்த மனைவி எழுந்து வந்தாள்.

“என்னங்க, நம்ம வீட்ல ஏது பூண்டு வாசனை?”

“பூண்டா? நான் கல்லுதான் காச்சிக்கினு இருக்கேன்.”

“கல்லுல பூண்டு நாறுமா? ஜல்தி அடுப்ப நிறுத்துங்க!”

நாங்கள் சமணர்கள், வீட்டில் பூண்டு சேர்ப்பதே இல்லை. அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, இருவரும் வெளியே ஓடினோம்.

மறுநாள் திண்டிவனத்தில் நிலவியல் ஆசிரியர் ஒருவரிடம் கல்லைக் காட்டினேன். அந்தப் பொட்டுகளில் ஆர்செனிக் என்னும் விஷம் இருப்பதாகவும், சுட்டால் அந்தப் புகைதான் பூண்டுபோல் நாறும் என்றும் சொன்னார். பூண்டு சமைக்கும் வீடாக இருந்தால் ரசம் கொதிக்கிறது என்று என் மனைவி படுத்தே இருந்திருப்பாள்.

தேடுவதை நான் விடவில்லை. ஆனால் எந்தக் கல்லையும் இப்போது சுடுவதில்லை, வீட்டுக்குள்ளும் கொண்டுபோவதில்லை. பையில் கட்டி நேராக ஆசிரியரிடம் போகிறேன். கிளம்பும்போதெல்லாம் மனைவி சொல்வாள்: “கல்லு உங்குளுது, அடுப்பு என்னுது. ஞாபகம் இருக்கட்டும்!”