ஓராண்டுக்குப் பிறகு எடுக்கும் படம்

1. அக்கா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தார். வீட்டுக்கு மூத்தவர். எனக்கும் அவருக்கும் பதினொரு வயது இடைவெளி.

2. அப்பா பணியில் இருக்கும்போதே காலமானார். குடியிருப்பைக் காலி செய்து கிள்ளானுக்கு வந்தோம். அக்கா படிப்பை நிறுத்திவிட்டுச் சுங்கை பூலோவில் ஒரு செடி நர்சரியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தார்.

3. வார இறுதி வகுப்புகளுக்குப் போய் நிலவடிவமைப்பில் டிப்ளோமா பெற்றார். நான் பல்கலைக்கழகம் போனது அவருடைய உழைப்பில்.

4. சொந்தமாகத் தோட்ட வடிவமைப்புத் தொழில் தொடங்கினார். முதல் தோட்டம் பண்டமாரானில். அது செத்துப்போனது.

5. துறைமுகத்தில் பணிபுரியும் அத்தானை மணந்தார்.

6. செராஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தை வடிவமைத்து முடித்துக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து, அவருக்குக் கணையத்தில் கட்டி இருப்பது தெரிந்தது.

7. நான்கு மாதத்தில், கிள்ளான் வீட்டில், அம்மாவும் அத்தானும் நானும் அருகில் இருக்க, எங்களை விட்டுப் பிரிந்தார்.

நான் வடிகால் பொறியாளர். எதையும் எண் போட்டு எழுதித்தான் பழக்கம். "உன் கல்யாணப் பத்திரிகைக்கும் நம்பர் போடுவியாடி?" என்று அக்கா கேட்பார். மேலே உள்ள ஏழில் நான்காவதும் ஆறாவதும் இரண்டு வரியில் அடங்கக்கூடியவை அல்ல. அக்காவை அறிந்தவர்களுக்காக, இந்த நினைவு மலரில் அவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பண்டமாரான் தோட்டம், அம்மாவின் தோழி சரோஜா ஆன்டியின் வீட்டு முன்புறம். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒரு மாதிரித் தோட்டம் வேண்டும் என்று அக்கா கேட்டார். ஆன்டி தன் இடத்தைக் கொடுத்தார். நர்சரியில் ஏற்கெனவே பூத்து நின்ற இட்லிப்பூச் செடிகளாகப் பார்த்து அக்கா வாங்கி வந்து நட்டார். புல் பதித்தார். அன்று மாலையே படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஒரு வாரம் தொலைபேசி ஓயவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு கணவனும் மனைவியும் தோட்டத்தை நேரில் பார்க்க விரும்பினார்கள். முன்கூட்டிப் போய்ப் பார்க்காமலே அக்கா அவர்களை அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன். அது களிமண் நிலம். மழைநீர் கீழே இறங்காமல் தேங்கி வேரெல்லாம் அழுகியிருந்தது. புல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. இட்லிப்பூச் செடிகள் குச்சிகளாக நின்றன.

"ஏன் ஆன்டி சொல்லல?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

"எப்படிம்மா சொல்றது? ஆசையா நட்டுட்டுப் போன. நானும் வாடுதேன்னு காலையும் மாலையும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருந்தேன்."

வந்திருந்த கணவர் கைப்பேசியில் இருந்த படத்தையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டு நம்பர் சரிதானே?" என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றே அக்கா அந்தப் படத்தை நீக்கினார். மறுநாள் காலை மண்வெட்டியோடு ஆன்டி வீட்டுக்குப் போய், ஒரு குழி தோண்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மதியம் வரை பாதிகூட இறங்கவில்லை. மேட்டுப்பாத்தி கட்டி எல்லாவற்றையும் புதிதாக நட்டார். அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் முதலில் அந்த வாளிதான் லோரியிலிருந்து இறங்கும்.

அத்தோடு ஒரு விதியும் வைத்துக்கொண்டார். முடித்துக் கொடுத்த நாளில் எடுத்த படத்தை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போடக்கூடாது. ஓராண்டு கழித்து எடுத்த படத்தை மட்டுமே போடவேண்டும்.

இதனால் முதல் ஓராண்டு அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. "கடையைத் தெறந்துட்டு ஷட்டரை இழுத்து மூடி வெச்சிருக்கறவ ஊர்லயே நீ ஒருத்திதான்" என்று அம்மா புலம்பினார்.

"செடி மொதல்ல பொழைக்கட்டும்மா. அப்புறம் நாம பொழைக்கலாம்" என்றார் அக்கா.

தோட்டத்தை ஒப்படைக்கும் நாளில் அந்த வீட்டு நாட்காட்டியை வாங்கி, அன்றைய தேதியில் "அடுத்த ஆண்டு இதே நாள், காலை எட்டு மணி, படம்" என்று எழுதிக் கொடுப்பார். சொன்னபடி போய் நிற்பார். செத்த செடிகளை மாற்றித் தருவார். படத்தின் கீழே எவை பிழைத்தன, எவை பிழைக்கவில்லை, ஏன் என்று எழுதுவார். "நான்கு செடிகள் போயின. நிழல் அதிகமான இடத்தைத் தேர்ந்தெடுத்தது எங்கள் தவறு." இப்படித்தான் இருக்கும். படம் எடுக்கும் காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியருகே வந்து நிற்பார்கள். தோசையும் தே தாரிக் தேநீரும் வரும். அக்காவின் அடுத்த வேலை பெரும்பாலும் அந்த வேலிக்கு அப்பால் இருந்துதான் வந்தது.

அதே தொழிலில் இருந்த ஒருவர் உணவுக்கடையில் எங்கள் மேசைக்கே வந்து கேட்டார்: "செத்ததைப் போயி விளம்பரம் பண்றியே தங்கச்சி, பைத்தியமா லா?"

"உங்க படத்துல எல்லாமே பூவா இருக்கு, அண்ணே. அதே வீட்டைப் போன மாசம் போய்ப் பாத்தீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பின்னாளில் தன் மகள் வீட்டுத் தோட்டத்துக்கு அக்காவைத்தான் அழைத்தார்.

செராஸ் குடியிருப்பில் நான்கு புளோக்குகள். ஒன்றின் முற்றத்தை மட்டும் அக்காவிடம் கொடுத்திருந்தார்கள். நிர்வாகக் குழுத் தலைவி திருமதி புவனா, "ஓராண்டுப் படத்தைப் பாத்துட்டுத்தான் மத்த மூணும். நீங்க போட்ட ரூல்தான்" என்றார். அக்காவுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. மழைநீர் வடிகாலை என்னிடம் ஒப்படைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கிட்டுக் கொடுத்தேன்.

அக்கா போன பிறகு புதிய வேலைகள் வரவில்லை. நிறுவனத்தில் நான்கு பேர் வேலை செய்தார்கள். அவர்களில் ரவி அண்ணே நர்சரிக் காலத்திலிருந்தே அக்காவோடு இருப்பவர். மூடிவிடலாமா என்று அத்தான் கேட்டார். அவருக்கே அதில் மனமில்லை. செராஸ் முற்றம் புதிதாக இருந்தபோது எடுத்த படம் என்னிடம் இருந்தது. பூக்களுக்கு நடுவே அக்கா சிரித்துக்கொண்டு நிற்பார். அதை நிறுவனத்தின் பக்கத்தில் போட்டால் அஞ்சலியாகவும் இருக்கும், புதிய வாடிக்கையாளர் சிலர் அழைக்கவும் கூடும் என்று நினைத்தேன்.

ரவி அண்ணே கைப்பேசியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "நல்ல படம்தான் தங்கச்சி. ஆனா இன்னும் ஒரு வருஷம் ஆகல. பாஸ் இருந்தா ஒத்துக்குவாங்களா?"

நான் போடவில்லை. அதற்குப் பதிலாக, அக்கா வாக்குக் கொடுத்த தேதிகளை அவருடைய குறிப்பேட்டிலிருந்து பட்டியல் எடுத்தேன். அவர் மறைவுக்குப் பின் வரும் நாட்கள் எட்டு இருந்தன. ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு நானும் ரவி அண்ணேயும் போய் நின்றோம். "நீங்க வருவீங்கன்னு நெனைக்கலம்மா" என்று சொன்னபடி கேட்டைத் திறந்தவர்களே அதிகம். கிள்ளானில் ஒரு வீட்டில் எங்களுக்கு முன்பே அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, தோட்டத்து நாற்காலியில் வைத்திருந்தார்கள்.

எட்டாவது, செராஸ். முற்றம் நன்றாகவே வளர்ந்திருந்தது, கிழக்கு மூலையைத் தவிர. அங்கே ஒரு வரிசை முழுவதும் பட்டுப்போயிருந்தது. கூரையிலிருந்து இறங்கும் குழாயின் நீரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது வடிகாலை மீறி வேரில் நின்றிருக்கிறது. மண்ணை அக்கா வாளி வைத்துச் சோதித்திருந்தார். என் கணக்கை யாரும் சோதிக்கவில்லை.

அந்த மூலையை விட்டுவிட்டுப் படம் எடுக்க முடியும். ரவி அண்ணே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுச் சோறும் மற்ற மூவரின் வேலையும் அந்தப் படத்தில்தான் இருந்தன.

"மூலையும் சேத்தே எடுக்கறேன் அண்ணே" என்றேன்.

"எடு. நான் நிழல் விழாம தள்ளி நிக்கிறேன்."

படத்தின் கீழே, பிழைத்தவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில் எழுதினேன்: "பன்னிரண்டு செடிகள் போயின. வடிகாலைத் தவறாகக் கணித்தவர் வடிவமைப்பாளரின் தங்கை." திருமதி புவனா அதைப் படித்துவிட்டு அழைத்தார். "உங்க அக்காவா இருந்தா மூலையை மொதல்ல காட்டியிருப்பாங்க. நீங்க கடைசியில காட்டியிருக்கீங்க. பரவால்ல, பழகிக்குவீங்க" என்றார்.

அக்காவின் கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து பார்த்த செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சமைத்து அனுப்பிய பெரியம்மா, சித்தி குடும்பத்தாருக்கும், விடுப்பெடுத்து இரவும் பகலும் உடனிருந்த அத்தானுக்கும், அம்மாவைத் தனியே விடாத சரோஜா ஆன்டிக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. எட்டுக் காலைகளில் கேட்டைத் திறந்தவர்களையும் ரவி அண்ணேயையும் அவருடன் உழைக்கும் மூவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

இன்றைய நிலை இது. நிறுவனம் மூடப்படவில்லை. ரவி அண்ணே வேலைகளை நடத்துகிறார். வரைபடமும் வடிகாலும் என் பொறுப்பு. செராஸ் கிழக்கு மூலையின் வடிகால் மாற்றப்பட்டு, பன்னிரண்டு செடிகளும் மீண்டும் நடப்பட்டுள்ளன. மூலை பட்டுப்போயிருந்தபோது எடுத்த அந்த ஓராண்டுப் படம் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் உள்ளது. மீதி மூன்று புளோக்குகளில் ஒன்றைக் கொடுத்தார்கள்; போன மாதம் முடித்து ஒப்படைத்தோம். அதன் படத்துக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.