மாடிக்குப் போகாத அபிகாயில்

அபிகாயிலின் அறைக்கு ஜன்னல் கிடையாது. காலையில் உள்ளே போனால், வெளியே வெயிலா மழையா என்பது சாயங்காலம் கிளம்பும்போதுதான் தெரியும். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. வெளியிலிருந்து வரும், சக்கர வேகத்தைக் காட்டும் சென்சார்களைச் சோதிப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பே டிசைன் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருந்தாள். "உன்னை விட்டா அந்த மெஷினை யாரும்மா பார்க்கிறது?" என்றே தள்ளிப்போட்டுவந்த மேனேஜர் சத்யநாராயணன், ஒருவழியாக இந்த வருஷம் சம்மதித்தார். திங்கட்கிழமை முதல் மாடியில், டிசைன் பிரிவில் இருக்கை.

அதற்கு முந்தின வாரம் படப்பையிலிருந்து ஜீவானந்தம் வந்தார். சின்னப் பட்டறைக்காரர். அவருடைய சென்சார்கள் முழு வேகத்தில் தவறாகக் காட்டுகின்றன என்று அவள்தான் திருப்பி அனுப்பியிருந்தாள். ஆர்டரே ரத்தாகும் நிலை.

"ஒருவாட்டி என் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க மேடம். தப்புன்னா வாய மூடிக்கினு போயிடறேன்."

பல்சக்கரத்தைச் சுழலவிட்டாள். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சென்சார் ஒரு துடிப்பு தரும். நொடிக்கு எத்தனை துடிப்பு என்று கம்ப்யூட்டர் காட்டும். வேகம் கூடக் கூட எண்ணும் ஏறியது. பிறகு, மோட்டார் இன்னும் வீறிட, எண் இறங்க ஆரம்பித்தது.

"பார்த்தீங்களா" என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கெட்டுப்போன சென்சார் என்றால் எண் தாறுமாறாகக் குதிக்கும். இது ஏறிய அதே ஒழுங்கில் இறங்கியது.

சாஃப்ட்வேரில் செட்டிங்கைத் திறந்தாள். சிக்னலை நொடிக்கு எத்தனை முறை பதிய வேண்டும் என்பது, பழைய மெதுவான சோதனைக்கு வைத்தபடியே கிடந்தது. துடிப்புகள் வேகமெடுத்ததும் கருவி ஈடுகொடுக்க முடியாமல் இடையிடையே தவறவிட்டு, பொய் எண்ணைக் காட்டியிருக்கிறது.

இதைச் சொன்னால் இதுவரை செய்த அத்தனை சோதனையும் மறுபடி. யார் செய்வது? அவள்தான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மாடி.

ஜீவானந்தம் ஒன்றும் புரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செட்டிங்கை மாற்றி மறுபடி ஓட்டினாள். முழு வேகம் வரை எண் இறங்கவேயில்லை.

"உங்க சரக்கு நல்லாத்தான் இருக்கு சார். தப்பு எங்க பக்கம்."

விஷயத்தைக் கேட்டு சத்யநாராயணன் கோபப்படவில்லை. "நல்லவேளை கண்டுபிடிச்சே. உனக்குப் பதிலா மாடிக்கு நம்ம ஸ்டோர்ஸ் சின்மயியை அனுப்பிடறேன். பழைய சரக்கையெல்லாம் நீதான் திரும்ப டெஸ்ட் பண்ணணும்மா."

"துணைக்கு ஒரு ஆளாவது குடுங்க சார்."

"பார்க்கலாம்."

ஆள் வரவில்லை. ஜீவானந்தத்தின் ஆர்டர் தப்பியது. திங்கட்கிழமை சின்மயிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு அபிகாயில் தன் அறைக்குத் திரும்பினாள். திருப்பி அனுப்பிய பெட்டிகள் படப்பையிலிருந்து வந்து இறங்கி, அறையில் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் அடைத்துக்கொண்டன. ஒருக்களித்துத்தான் நாற்காலிக்குப் போக முடிந்தது.