இந்த வருஷத்துச் சரக்கு

எங்கள் வீட்டில் ‘சரக்கு’ மரியாதையான சொல். அப்பா அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கும் காண்ட்ராக்டர். சாப்பிடும்போதும் போனில் கத்துவார்: “அரே பாய், சரக்கு என் கையில இருந்து நல்லாத்தான் போச்சு. உங்க கோடவுன்ல நனைஞ்சா உங்க பொறுப்பு!” ராமநாதபுரத்துச் சொந்தக்காரர்கள் வந்திருந்தால் அம்மா நெளிவாள். அவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், பாட்டில்.

நான் அந்த அர்த்தத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்து ஹாவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் சேர்ந்த பிறகு பிடித்த பைத்தியம், சிவப்பு ஒயின்.

இந்த வருஷம் குடித்ததில் மூன்றாம் இடம் ஷிராஸ் திராட்சையில் செய்த ஒன்றுக்கு. மிளகு ரசத்தில் நாவல்பழம் விழுந்த மாதிரி. இரண்டாவது, பெங்களூர்த் தோழி கொண்டுவந்த கேபர்னே. திறந்ததும் முறைத்தது, காற்றுப் பட்டதும் சமாதானமானது. முதலிடம் நாசிக் பக்கத்துச் சின்னத் தோட்டம் ஒன்றின் டெம்ப்ரனீயோ. சிவப்பு ஒயினும் மீனும் சேராது என்று புத்தகங்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் அந்தமானில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை போல. அம்மாவின் சூரைமீன் குழம்போடு அது சொந்தத் தங்கச்சி மாதிரி உட்கார்ந்து பேசியது. ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று வேறு எழுதியிருந்தார்கள். புரோத்ராபூர் வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே, எங்கள் அறை வெப்பநிலையில் பரிமாறினால் அது கஷாயம்.

அதனால் அதிலேயே இன்னொரு பாட்டில் வாங்கி, திறக்காமல், ஃபிரிட்ஜில் மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். அது அப்பாவுக்கு. நாசிக்கில் ஒயின் தயாரிப்புப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா மசியவில்லை.

“ஒயின்ஷாப் வைக்கிறதுக்கு எதுக்குத் தாயி படிப்பு?”

“ஒயின்ஷாப்ல ஒயினே இருக்காதுப்பா!”

“அப்ப அதைவிட மோசம்.”

கெஞ்சிக் கெஞ்சி ஒரு ஒப்பந்தம் போட்டோம். அடுத்த லீவில் நான் வரும்போது அவர் ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பார். பிடித்தால் நாசிக். பிடிக்காவிட்டால் ரிசார்ட்.

லீவில் வந்து, கிளாஸைத் துடைத்து, ஃபிரிட்ஜைத் திறந்தால் மீன் டப்பா மட்டும் தனியாக இருந்தது.

“அம்மா, பாட்டில் எங்க?”

“உங்கப்பாதான் எடுத்தாரு.”

அப்பா பெருமையாகப் பரணைக் காட்டினார். “ஒயினு பழசாகப் பழசாகத்தானே ருசின்னு நீ சொன்ன? ஃபிரிட்ஜுல வெச்சா எப்படிப் பழசாகும்? நீ போன அன்னைக்கே மேல ஏத்திட்டேன்.”

பரணுக்கு மேலே தகரம். தகரத்துக்கு மேலே அந்தமான் வெயில். இறக்கிப் பார்த்தால் கார்க் பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து வழியே கசிந்த சிவப்பு, பரணில் இருந்த அம்மாவின் இட்லிக் கொப்பரை வரை ஓடியிருந்தது.

“வேணாம்ப்பா, இது வெந்துபோச்சு.”

“பேச்சு பேச்சுதான். ஊத்து.”

ரம் குடிப்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. அப்பாவின் ஒரு கண் மூடிக்கொண்டது. இன்னொரு கண் என்னைப் பார்த்தது. அம்மா கிளாஸை மோந்துவிட்டு, “ஐயய்ய, காடி! ஊறுகாய்க்கு ஆகும்” என்றாள். நாசிக் அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்குள் இறங்குவது எனக்குத் தெரிந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“உங்க கையில குடுத்தப்ப நல்லாத்தான்பா இருந்துச்சு! இந்த வருஷத்துலயே அதுதான் பெஸ்ட்!”

நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சீல் உடையாமலா குடுத்த?”

“உடையாமத்தான்.”

“என் பரண்லதான் கெட்டுச்சா?”

“ஆமா.”

கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் எத்தனையோ பேரிடம் போனில் கத்திய சட்டம் இப்போது அவர் மடியிலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

“அப்ப டேமேஜ் என்னோடது” என்றார் வேண்டாவெறுப்பாக. “சரக்கு குடுத்த பார்ட்டி சொல்ற தரம்தான் தரம். நல்லாருந்துச்சுன்னு சொல்றல்ல?”

“சத்தியமா.”

“பக்கா?”

“பக்கா.”

“அப்ப எனக்குப் புடிச்சிருச்சுன்னே வெச்சுக்க. கிளம்பு.” ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

அம்மாவுக்கு வேறு கவலை. “ஊர்ல கேட்டா என்னங்க சொல்றது? புள்ள என்ன படிக்குதுன்னு?”

“சரக்குன்னு சொல்லு” என்றார் அப்பா. “அப்பன் தொழில்தான்னு நினைச்சுக்குவாங்க.”