ஸ்பீக்கருக்கு எந்தப் பசை?

அத்தை மகளின் பிறந்தநாள் விருந்துக்குப் பாட்டுப் பொறுப்பு அப்பாவுடையது. அதற்கு முந்தின நாள் காலையில் தம்பி எறிந்த பந்து, ஸ்பீக்கரின் கறுப்புக் கூம்பைக் கிழித்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவ்வளவு சத்தத்துக்கும் உள்ளே இருப்பது வெறும் காகிதம்தான் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அப்பா கவலைப்படவில்லை. செருப்பு முதல் சாமிப் படம் வரை எல்லாவற்றையும் சூப்பர் குளூவால் ஒட்டுகிறவர். இதையும் ஒட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டிப் பாட்டு வைத்தார். பாதிப் பாட்டில் கரகரவென்று இழுத்தது. ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாகக் கிழிந்திருந்தது.

“இந்த குளூ பத்தல லா. இன்னும் ஸ்ட்ராங்கா வாங்கணும்” என்று மோட்டார் சைக்கிளில் பீடோங் டவுனுக்குக் கிளம்பினார்.

அவர் போனதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“உன் ஸ்கூல் பசை எங்க? அந்த வெள்ளைப் பசை.”

“அது பேப்பர் ஒட்டுறதும்மா.”

“இது என்னவாம்?”

சூப்பர் குளூவில் இறுகிப்போன ஓரத்தை பிளேடால் நறுக்கினார். டிஷ்யூத் துண்டில் பசையை மெல்லத் தடவி, கிழிசலின் மேல் விரல் நுனியால் நீவி ஒட்டினார். ஏன் டிஷ்யூ, ஏன் இவ்வளவு கொஞ்சம், சூப்பர் குளூ ஏன் ஆகாது என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“பாடுறப்ப இது முன்னயும் பின்னயும் ஆடணும். பசையும் கூடவே வளையணும். கல்லு மாதிரி இறுகிட்டா எப்படி ஆடும்?”

அப்பா வழியில் நண்பர்களோடு தே தாரிக் டீ குடித்துத் திரும்புவதற்குள், மின்விசிறிக் காற்றில் பசை காய்ந்துவிட்டது. ஸ்பீக்கர் சுத்தமாகப் பாடியது.

“யாரு செஞ்சது?”

“உங்க மகளோட பசைதாங்க” என்றார் அம்மா.

அப்பா காதில் ‘மகள்’ மட்டும்தான் விழுந்தது. மறுநாள் விருந்தில் மைக்கைப் பிடித்து, “எம்மவளுக்கு என்னா மூளை தெரியுமா!” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் கைதட்டல் பிடித்திருந்தது. அம்மா யாருக்கோ மீ கோரேங் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன் அம்மா கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடம் வேலை செய்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஸ்பீக்கர் கூம்புகளை ஒட்டுவதுதான் அவருடைய வேலை என்று நான் அறிந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அப்பாவிடம் சொன்னேன்.

“அப்படியா?” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பசையைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட நானும், ‘இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று அம்மாவைக் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.