கூட்டாத வாசல்

இன்று பசறைத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியை நர்ஸான என் பொறுப்பில் விட்டுவிட்டு டாக்டர் ஐயா ஹாலிஎல ஊருக்குப் போனார்.

காலையில் பிள்ளை பெற்ற லெட்சுமிக்கு உதிரப்போக்கு சற்று அதிகம். உதவியாள் மாரியாயியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "துணி நனைஞ்சா கூப்பிடு. எதுக்கும் எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு, அடுத்த அறையில் ஒருவருக்குக் கட்டுப்போடப் போனேன்.

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி வந்தார். "தொரை வர்றாரு. ஏ மாரியாயி, வாசலக் கூட்டு!"

"நர்சம்மா சொன்னாத்தான் எந்திரிப்பேங்க."

அவர் நான் இருந்த அறைக்கு வந்து என்மேல் பாய்ந்தார்.

"வாசல் கூட்டாட்டி யாரும் சாக மாட்டாங்க, கங்காணியாரே" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள், "அம்மா, நனைஞ்சிருச்சு!" என்று மாரியாயி அலறினாள். ஓடிப்போய் லெட்சுமியின் அடிவயிற்றை அழுத்திப் பிடித்தேன். மெல்ல மெல்ல உதிரம் நின்றது. பிழைத்துக்கொண்டாள்.

தோட்ட நிர்வாகியான துரை வந்து வாசலைப் பற்றி மட்டும்தான் கேட்டார். அதற்குத் தண்டனையாக மாரியாயியை நாளை கொழுந்தெடுக்க அனுப்பப்போகிறாராம் கங்காணி.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளை விட்டுக்கொடுப்பதா, இனி தினமும் நானே வாசலைக் கூட்டிக் கங்காணியைச் சமாதானப்படுத்தி அவளை இங்கேயே வைத்துக்கொள்வதா? நீங்களே சொல்லுங்கள்.