சித்தப்பாவின் விக்கல் நின்ற காலை

சித்தப்பாவுக்கு எழுமலையில் பெண் பார்க்கக் கிளம்பியது ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. வருடம் எது என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன், காலாண்டுப் பரீட்சை இன்னும் தொடங்கவில்லை என்பது மட்டும் உறுதி. அலங்காநல்லூரில் எங்கள் வாசலுக்கு வேன் வந்துவிட்டது. பூ, பழம், இனிப்பு எல்லாம் ஏறியாயிற்று. அப்போதுதான் சித்தப்பாவுக்கு விக்கல் பிடித்தது.

எங்கள் தெருவில் வியாதிக்குப் பஞ்சம் வரலாம், வைத்தியத்துக்கு வராது. அம்மா ஒரு கரண்டி சீனியை அவர் வாயில் போட்டாள். எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கச் சொன்னார். பாதி புதுச்சட்டையில் கொட்டியது. யாரோ திப்பிலிப் பொடியைத் தேனில் குழைத்து வந்தார்கள். "அண்ணே, குனிஞ்சுக்கிட்டே குடிங்க, டக்குனு நிக்கும்" என்றார் வேன் டிரைவர். சித்தப்பா குனிந்தார், குடித்தார், நிமிர்ந்தார், விக்கினார்.

"இப்படியே போய் உக்காந்தா பொண்ணு வீட்டுல என்னடா நெனப்பாக?" என்று அப்பா தவித்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

விக்கலுக்குக் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு. விக்குகிறவர் மேல் திடீரென்று ஒரு பழியைப் போட வேண்டும், அதிர்ச்சியில் நின்றுவிடும். வழக்கமாக, நெய்யைத் திருடித் தின்றாயா என்று கேட்பார்கள். அப்பாவின் அக்காவான என் அத்தை இடுப்பில் கை வைத்தபடி சித்தப்பா முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்டா, சமயநல்லூர் பஸ் ஸ்டாப்புல ஒரு பொம்பளப் பிள்ளையோட நின்னு பேசிக்கிட்டிருந்தியாமே?"

விக்கல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பாவின் முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. ஒரு நல்ல மனிதர் மேல் அநியாயமாகப் பழி விழுந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அத்தை பொய் சொல்லுது! சித்தப்பா பஸ் ஸ்டாப்புல நிக்கவே இல்ல. பேக்கரிக்குள்ள உக்காந்துதான் டீச்சர்கூடப் பேசுனாங்க. எனக்குத் தேங்கா பன் வாங்கிக் குடுத்தாங்க."

கைதட்டல் ஓய்ந்தது. "எந்த டீச்சர்டி?" என்றாள் அம்மா. எதிர்வீட்டுக்காரரும் அதையே கேட்டார். வேன் டிரைவர்கூடக் கேட்டார்.

சித்தப்பா தரையைப் பார்த்தார். "கட்டுனா அந்தப் பிள்ளையத்தான்ணே கட்டுவேன். ஒங்ககிட்டச் சொல்லத்தான் பயம்."

"அதச் சொல்ல வேன் வந்து நிக்கணுமாடா ஒனக்கு?" என்று அப்பா கத்தினார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டே வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் எழுமலைக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளைக்கு விக்கல் நிக்கவே மாட்டேங்குதுங்க, மன்னிச்சுக்கங்க" என்றார். நின்றுவிட்டதே என்று நான் கூவியபோது அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"சமயநல்லூர்னா பக்கம்தானண்ணே, டீசல் மிச்சம்" என்றார் டிரைவர். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். தை மாதம் கல்யாணம்.

என் சாட்சியத்தால்தான் சித்தப்பா பழியிலிருந்து தப்பினார் என்று வெகுகாலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று எந்த டீச்சர் என்று தெருவே கேட்டது. அத்தை மட்டும் கேட்கவில்லை. எல்லோருக்கும் முந்தி வேனில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, "பாலத்துக்கு அங்கிட்டு மூணாவது சந்து தம்பி" என்று டிரைவரிடம் சொன்னாள். அத்தைக்கு எல்லா ஊரும் அத்துப்படி என்றுதான் நான் நினைத்தேன்.